கல்லாமையின் மேல் வைத்த கை

ஆலை மூடிப் பதினெட்டு வருஷம் கழித்து, ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கோயம்புத்தூருக்குக் கிழக்கே இருந்த அந்தப் பஞ்சாலையின் தொழிலாளிகள் குடியிருந்த நாலு வரிசை லைன் வீடுகளை இடிப்பதற்காக வந்த ஜேசிபி முகப்பில் திரும்பியபோது, வழியை அடைத்துக்கொண்டு அங்கே ஒரு கல்லாமை உட்கார்ந்திருந்தது. மினி பஸ் அளவுக்கு ஓர் ஆமை. ஓடு முழுக்கக் கருங்கல், மடிப்புகளில் பாசி, தலையும் கால்களும் உள்ளே. டிரைவர் ஹாரன் அடித்தார், அசையவில்லை. இறங்கி வந்து தட்டிப் பார்த்தார், உள்ளங்கைதான் வலித்தது. மறுபடி ஏறி, இயந்திரக் கையைத் தூக்கி அதன் முதுகில் ஓங்கி ஒரு போடு போட்டார், பக்கெட்டின் பற்களில் மூன்று தெறித்துச் சாக்கடையில் போய் விழுந்தன. வாசல் தெளித்துக்கொண்டிருந்த பெண்கள் வாளியும் கையுமாக நின்று பார்த்துவிட்டு, கல்லாமை வந்திருக்குது என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டார்கள், தண்ணி லாரி வந்திருக்கிறது என்று சொல்வதைப் போல.

அவர்களுக்கு அது தெரிந்த பிராணிதான். கோகிலவாணியின் போனில் பார்த்திருக்கிறார்கள்.

கோகிலவாணிக்கு முப்பத்தொரு வயது. அந்த லைனிலேயே வளர்ந்தவள், சிங்காநல்லூரில் ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் வேலை. அதற்கு முன்னால் மூன்று கடைகளில் இருந்து அவளை அனுப்பிவிட்டார்கள், மூன்றிலும் காரணம் கோபம்தான். அது அவளுக்குப் பதினொரு வயதில் வந்தது. அப்பா ராக்கியண்ணன் ஆலையில் பஞ்சு சீவும் இயந்திரத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். ஒருநாள் பகல் ஷிப்டில் சட்டைக் கை உருளையில் சிக்கி, கையோடு உடம்பும் போனது. தொழிலாளி மது அருந்தியிருந்தார் என்று ஆலை எழுதி வைத்தது. வாழ்நாளில் மோர் தவிர எதையும் குடிக்காத மனுஷன். அந்த ஒரு வரியைச் சுமந்துகொண்டே அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு, கோகிலவாணி யார் எது சொன்னாலும் முதலில் பல்லைக் கடித்தாள், பிறகு வாயைத் திறந்தாள்.

அவள் போனில் ஆடும், மிருகங்களை மோதவிடும் விளையாட்டுக்குக் களம் என்று பெயர். ஆரம்பத்தில் அவள் நெருப்புப் பறவையை வைத்து ஆடினாள், அடித்தாள், திருப்பி அடித்தாள், வரிசையாகத் தோற்றாள். எதிராளிகள் அவளைச் சீண்டிச் சீண்டியே தோற்கடித்தார்கள். ஒருநாள் வெறுத்துப்போய், யாருமே சீந்தாத கல்லாமையை எடுத்தாள். அதற்கு அடிக்கத் தெரியாது என்றே சொல்லலாம். ஓட்டுக்குள் ஒடுங்கும், தரையில் முள் விரிக்கும், அடி பலமாகப் பட்டால் தூங்கி ஆற்றிக்கொள்ளும், நாலாவதாகத் தலையால் ஒரு முட்டு, அவ்வளவுதான். ஆனால் எதிரே நிற்பது எந்த மிருகமானாலும் ஒவ்வொரு அடியையும் இத்தனை தடவைதான் அடிக்க முடியும் என்று களத்தில் ஒரு விதி உண்டு. அவள் வாங்கினாள், எண்ணினாள், தூங்கவைத்தாள், மறுபடி வாங்கினாள். நாற்பது நிமிஷம் கழித்து எதிராளியிடம் அடிகள் தீர்ந்துபோயின. பாதிப் பேர் அதற்கு முன்பே ஆத்திரத்தில் அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு ஓடிப்போனார்கள். தன்னுடைய கோபத்தை இன்னொருத்தர் தலையில் ஏற்றிவிட முடியும் என்று அவள் அன்றைக்குத்தான் கண்டுபிடித்தாள். பஸ்ஸிலும் சாப்பாட்டு நேரத்திலும் ஆடி ஆடி, ஒன்பது வருஷத்தில் இந்த நாட்டில் கல்லாமையை அவளைப்போல ஆடத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான் என்னும் இடத்துக்கு வந்திருந்தாள்.

அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை ஜேசிபி திரும்பிப் போனதும் எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். யூனியனில் இருந்த ஆறுக்குட்டி அண்ணன்தான் கேட்டார்.

"ஏனம்மிணி, உன்ற போன்ல இருக்கறதாச்சே இது. அவனுகளை என்ன பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாதுங்க."

"பின்ன என்னத்துக்கு ஆகும்?"

"அடி வாங்கும். அவங்ககிட்ட இருக்கற அடியெல்லாம் தீர்ற வரைக்கும் வாங்கும். அதுவரைக்கும் நாம அதைச் சாகாமப் பாத்துக்கோணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க. அதுதான் கஷ்டம்."

பேசிக்கொண்டே அவள் ஓட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கல்லாமை ஒரு பெருமூச்சு விட்டதுபோல நாலு விரற்கடை தரைக்குள் இறங்கி, அழுந்தப் பிடித்துக்கொண்டது. கையை எடுத்தால் தளர்ந்தது. கை இல்லாவிட்டால் அது வெறும் பாறை, ஒரு கிரேன் வந்து தூக்கிப் போட்டுவிடும் என்று தெரிந்தது. அப்படியென்றால் ஷிப்ட் போடவேண்டும் என்றார்கள் பெண்கள். பகல், சாயங்காலத்து அரை, ராத்திரி என்று ஆலையின் மூன்று ஷிப்டுகளும் பதினெட்டு வருஷம் கழித்து உயிர்த்தெழுந்தன. ஆறுக்குட்டி அண்ணன் நோட்டில் பெயர் எழுதினார். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறினார்கள்.

யார் கை வைத்திருக்கிறார்களோ அவர்களுடைய காதால்தான் அது கேட்கிறது என்பது நாலாம் நாள் தெரிந்தது. ஏழாம் நம்பர் வீட்டு மல்லிகா ஷிப்டில் இருக்கையில், சட்னி புளித்துவிட்டது என்று அவள் புருஷன் வாசலில் நின்று அவளை வண்டை வண்டையாகப் பேசினான். கல்லாமையின் ஓட்டுக்குள் இருந்து தலை அரை முழம் வெளியே வந்து ஏழாம் நம்பர் வீட்டையே பார்த்தது. அன்றிலிருந்து அவன் சட்னியைப் பற்றிப் பேசுவதில்லை.

இப்படியாகக் கல்லாமை லைன் வீடுகளில் ஒரு வீடாக ஆகிவிட்டது. தபால்காரர் அதற்கு நாற்பத்து மூன்று பார் ஒன்று என்று நம்பர் போட்டார். வெயில் ஏறிய ஓட்டில் வடகம் ஒரே பகலில் காய்ந்தது என்பதால் மேல் பாதியை யார் பிடிப்பது என்பதில் சண்டை வந்தது. கல்லாமை என்றால் படிக்காமல் இருப்பது என்றல்லவா அர்த்தம், இதென்ன பேர் என்று பக்கத்துப் பள்ளித் தமிழாசிரியர் வந்து கோபித்துக்கொண்டு, அதன் நிழலிலேயே பரீட்சைத் தாள் திருத்திவிட்டுப் போனார். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று அதன் பெயருக்கே ஒரு நோட்டீஸ் வந்தது, அதை ஓட்டில் ஒட்டினார்கள், மறுநாள் மழையில் கரைந்தது. அது தரையில் விரித்த முள் கண்ணுக்குத் தெரியாது. முகப்பில் எந்த வண்டி திரும்பினாலும் டயர் போகும், கம்பெனி ஜீப்பும் போகும், பால் வண்டியும் போகும், பாகுபாடு கிடையாது. பால்காரர் வண்டியை மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டுத் தூக்குப்போணியோடு நடந்து வரப் பழகிக்கொண்டார். பஞ்சர் கடை பஷீர் பாய் மட்டும், இது எங்க வந்து பிறந்த புண்ணியவானோ என்று கல்லாமைக்குத் தினம் ஒரு கட்டுக் கீரை கொண்டுவந்து வைத்தார். அது தின்னவில்லை. ஆடுகள் தின்றன.

நிலத்தை வாங்கிய கட்டடக் கம்பெனி சும்மா இருக்கவில்லை. கோகிலவாணி காம்பவுண்டுச் சுவரில் கரியால் எழுதிக்கொண்டே வந்தாள். ஜேசிபி ஐந்து தடவை. கரண்டைப் பிடுங்கியது இரண்டு தடவை. குடிதண்ணீர்க் குழாயை வெட்டியது ஒரு தடவை. போலீஸ் கேஸ் எட்டு. அடியாட்கள் மூன்று தடவை, மூன்றாம் தடவை வந்தவர்களில் ஒருவன் பி லைன் மருமகனாகவே இருந்ததால் டீ குடித்துவிட்டுப் போனார்கள். தீபாவளிக்குப் பட்டுச் சேலையும் பலகாரமும் ஒரு தடவை. பலகாரத்தைத் தின்றுவிட்டுச் சேலையைத் திருப்பி அனுப்பினார்கள். ஒவ்வொரு தடவையும் கல்லாமையின் ஓட்டில் இருந்து கொஞ்சம் சில்லு பெயர்ந்தது. கார்த்திகையில் அது இரண்டு நாள் தூங்கியது. தூங்குகிற கல்லாமையால் எதையும் தடுக்க முடியாது என்பதால், அந்த இரண்டு நாளும் லைன் சனம் மொத்தமும் அடுப்பை ரோட்டுக்குக் கொண்டுவந்து, சமைப்பதும் தின்பதும் படுப்பதுமாக முகப்பில் கிடந்தது. மூன்றாம் நாள் அது கண் விழித்தபோது ஓட்டில் ஒரு கீறல் இல்லை.

"இன்னும் என்ன பாக்கி இருக்குது அவனுககிட்ட?" என்று ஆறுக்குட்டி அண்ணன் சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணுதானுங்க. அதுக்குத்தான் நானும் பயந்துக்கிட்டிருக்கறேன்."

"என்னது?"

"சீண்டல். களத்துல கல்லாமையைக் கொல்ற வித்தை அது ஒண்ணுதான். சீண்டிவிட்டா அதால ஒடுங்க முடியாது, தூங்க முடியாது. தலையை வெளிய நீட்டி முட்டத்தான் முடியும். தலை வெளிய வந்துட்டா முடிஞ்சுது."

மார்கழி பிறந்ததும் சீண்டல் வந்தது. அதன் பெயர் திவாகரன். கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரி. நாற்பது வயது, இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, கத்தாத குரல். முள்ளுக்கு வெளியே வேனை நிறுத்தி, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஸ்பீக்கரை வைத்து, மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு போலீஸ் வேன், நாலு கேமராக்காரர்கள், ஒரு டெம்போவில் மதுக்கரைப் பக்கத்துக் குவாரியில் இருந்து வந்த வெடிமருந்து ஆட்கள். கல்லாமை ஒருத்தரை ஒரு முட்டு முட்டினால் போதும், ஆபத்தான பிராணி என்று எழுதி வெடிவைக்க உத்தரவு தயாராக இருந்தது. தேதி மட்டும்தான் போடவில்லை.

அவர் முதல் நாள் நாற்பத்து மூன்று வீடுகளின் கக்கூஸைப் பற்றிப் பேசினார். இரண்டாம் நாள் பெண்கள் யார் யாரோடு ஷிப்டில் இருக்கிறார்கள் என்று பெயர் சொல்லிப் பேசினார். ஓட்டில் கை வைத்திருந்த கோகிலவாணி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள், ஓட்டுக்குள் ஏதோ புரண்டது. மூன்றாம் நாள் காலை அவர் ஒரு பழுப்பு நிறக் கோப்பைத் திறந்தார்.

"ராக்கியண்ணன்னு ஒருத்தருங்க. சீவும் பிரிவு. இதுல எழுதியிருக்கு, நான் சொல்லலை. விபத்து நேரத்தில் தொழிலாளி மது அருந்தியிருந்தார். இவரு பொண்ணுதான் உங்களுக்கெல்லாம் தலைவிங்களா? குடிகாரன் பெத்த பொண்ணு பேச்சைக் கேட்டுட்டு நடுரோட்டுல உக்காந்திருக்கீங்க. அந்த அம்மா பாவம், அந்த ஆளு கையில எவ்வளவு அடி வாங்குச்சோ."

கல்லாமையின் தலை வெளியே வந்தது. லைன் சனம் அதை முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான். உரல் அளவுத் தலை, மஞ்சள் கண்கள், இமை இல்லை. கழுத்து நீண்டுகொண்டே போனது, முன்னங்கால்கள் வெளிப்பட்டுத் தார் ரோட்டில் ஊன்றின, ரோடு விரிசல் விட்டது. கேமராக்காரர்கள் எழுந்து நின்றார்கள். டெம்போவில் ஒருவன் பெட்டியின் கொக்கியைத் தூக்கினான். கோகிலவாணியின் உள்ளங்கைக்குக் கீழே கல் அடுப்பைப்போலக் கொதித்தது. முட்டு என்று அவள் நினைத்தால் போதும். நினைக்கத்தான் வேண்டும் என்று இருபது வருஷமாக அவளுக்குள் இருந்த பதினொரு வயசு சொன்னது. அந்த நாற்காலியும் அந்த மைக்கும் அந்தச் சட்டை மடிப்பும் பின்னால் இருக்கும் சுவரோடு சுவராகட்டும், அப்புறம் வெடி வைக்கட்டும், லைனையே வைத்து எரிக்கட்டும், என்ன ஆனால் என்ன.

களத்தில் இதற்கு மாற்று அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். சீண்டப்பட்ட மிருகத்தைக் களத்தில் வைக்கக் கூடாது, உடனே ஆளை மாற்ற வேண்டும். ஒன்பது வருஷத்தில் அவள் அரை நொடி யோசித்ததில்லை. இன்றைக்குக் கை ஒட்டிக்கொண்டது, வரவில்லை.

பக்கத்தில் பொன்னாத்தா உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அறுபத்தாறு வயது, நூல் நூற்கும் பிரிவில் முப்பது வருஷம் நின்றவள். அவளுக்குக் காது கேட்காது. அவளோடு அந்தப் பிரிவில் நின்ற பத்துப் பேருக்கும் கேட்காது. அந்தக் காதுகளைத் தின்றது ஆலைதான். இரைச்சல் தாங்காமல் காதில் அடைத்துக்கொள்ள அந்தப் பெண்கள் இத்தனூண்டு பஞ்சு எடுத்தபோது, பஞ்சாலையில் பஞ்சு எடுத்தபோது, திருட்டு என்று சீட்டில் எழுதி ஒருநாள் வேலையை நிறுத்திய ஆலை. இயந்திரங்களுக்கு நடுவில் குரலுக்கு வேலை இல்லாததால் அவர்கள் உதட்டால் பேசவும் உதட்டைக் கேட்கவும் பழகியிருந்தார்கள், அந்தப் பாஷை அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

கோகிலவாணி முகத்தை மட்டும் திருப்பினாள். குரல் இல்லாமல், உதட்டை அகலத் திறந்து, நீங்க கை வைங்க என்றாள்.

பொன்னாத்தா அவள் முகத்தைப் பார்த்தாள், நீண்டிருந்த கழுத்தைப் பார்த்தாள், மொச்சைத் தோலை மடியில் இருந்து தட்டிவிட்டு எழுந்து ஓட்டில் இரண்டு கையையும் வைத்தாள். பிறகு நிதானமாகத் திரும்பி, மைக்குக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

"போ கண்ணு," என்றாள், கேட்காதவர்களுக்கே உரிய உரத்த குரலில். "நீ போயிரு. இந்த ஷிப்டு நம்முளுது."

கோகிலவாணி கையைப் பிய்த்து எடுத்தாள். உள்ளங்கைத் தோல் கொஞ்சம் கல்லோடு போனது. லைன் வீடுகளுக்குப் பின்னால் ஆலையின் வறண்ட தொட்டி இருந்தது, அதற்குள் இறங்கி, தொண்டையில் ரத்தம் வருகிற வரை கத்தினாள். அவள் கத்தியது மெயின் ரோடு வரைக்கும் கேட்டதாம். கல்லாமைக்குக் கேட்கவில்லை. அதன் தலை மெல்ல மெல்ல உள்ளே போயிற்று.

அன்றிலிருந்து காது கேட்காத அந்தப் பதினொரு பேர்தான் ஷிப்ட் பார்த்தார்கள். திவாகரன் ஒரு ஸ்பீக்கரை இரண்டாக்கினார், இரண்டை நாலாக்கினார். பதினொரு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர்கள் பெற்றதையும் பெறாததையும் கட்டியதையும் விட்டதையும் சொல்லிப் பேசினார். அவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு மொச்சை உரித்தார்கள், ஈர் எடுத்தார்கள், உதட்டால் பேசிச் சிரித்தார்கள். மற்ற சனமெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தது. ஒன்பதாம் நாள் அவர் சொன்னதையே திரும்பச் சொன்னார். பன்னிரண்டாம் நாள் ஒரு வாக்கியத்தைத் தொடங்கிப் பாதியில் நிறுத்தி, மைக்கைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை மடக்காமலே போய்விட்டார். கோகிலவாணி சுவரில் கரியால் கடைசிக் கோடு போட்டாள்.

தை மாதம் கம்பெனி அந்த நாலு வரிசையையும் தன் திட்டத்தில் இருந்து வெட்டிவிட்டது. பங்குனியில் நாற்பத்து மூன்று வீட்டுக்கும் அவரவர் பெயரில் பத்திரம் வந்தது. பத்திரம் வந்த அன்றைக்கு மதியம் கல்லாமை அங்கே இல்லை. போனதைப் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை, அதைப் பெரிதாக விசாரிக்கவும் இல்லை. காய்ந்துகொண்டிருந்த வடகம் மட்டும் துணியோடு ரோட்டில் கிடந்தது, எடுத்துக்கொண்டார்கள். லட்டு வாங்கி எல்லாருக்கும் கொடுத்தார்கள். கோகிலவாணி லட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், தின்ன முடியவில்லை. வீடு கிடைத்துவிட்டது. ஸ்பீக்கரில் சொன்ன அந்த வரி அப்படியே காற்றில் நின்றது.

சித்திரையில் ஒருநாள் சர்வீஸ் கடைக்குத் திவாகரன் வந்தார். சட்டை கசங்கியிருந்தது. கம்பெனி அவரை நீக்கிவிட்டதாம். கையில் செத்துப்போன ஒரு போன். அவளைப் பார்த்ததும் வெளியே போகத் திரும்பினார், பிறகு போகவில்லை.

"மேடம், இதுக்குள்ளதான் எல்லா நம்பரும் இருக்கு. வேற வேலை தேடணும்."

அவள் போனை வாங்கித் திறந்து பார்த்தாள். "சரி பண்ணிரலாம்."

"அன்னைக்குப் பேசினதை மனசுல வச்சுக்காதீங்க. அது வேலைங்க."

கோகிலவாணி கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

"எங்கப்பன் குடிகாரன்னு நெசமாத்தான் எழுதியிருந்துச்சா?"

அவர் தரையைப் பார்த்தார்.

"ரெண்டு தாள் இருந்துச்சுங்க. மேல இருந்ததை மட்டும்தான் படிக்கச் சொன்னாங்க."

"கீழ என்ன?"

"ஃபிட்டர் எழுதினது. உருளைக்கு மூடி இல்லைன்னு. சீக்கிரம் ஓடட்டும்னு மேனேஜர் சொல்லி ஒரு வாரம் முன்னாடியே கழட்டி வச்சிட்டாங்கன்னு. ஆளு குடிக்காமச் சுத்தமா இருந்தாருன்னு."

அவர் முகத்தில் அந்தப் போனை விட்டெறிய அவளுக்கு ஆசையாக இருந்தது. எறியவில்லை. கூலி வேண்டாம் என்றாள், போனை எடுத்துத் தன் பைக்குள் போட்டாள், நடங்க என்றாள்.

லைன் முகப்பில் அப்போது பதினொரு பேரும் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அவள் திவாகரனைப் பொன்னாத்தாவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். ராக்கியண்ணனோடு அதே ஷிப்டில் இருந்தவள், அவரைத் துணியில் அள்ளிப் போட்டவர்களில் ஒருத்தி.

"சொல்லுங்க," என்றாள் கோகிலவாணி.

அவர் வேகமாக ஏதோ சொன்னார். பொன்னாத்தா அவர் வாயைப் பார்த்துவிட்டு, புரியலீங் என்று தலையாட்டினாள். அவர் கத்தினார்.

"கத்தாதீங்க. கத்தறதெல்லாம் அவங்களுக்கு ஒண்ணும் ஆவாது. மெதுவா, வாயை நல்லாத் தொறந்து சொல்லுங்க."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். உதட்டை அகலத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக, ராக்கியண்ணன் குடிச்சிருக்கலை என்றார். மெஷினுக்கு மூடி இல்லை என்றார். கழட்டி வச்சது ஆலை என்றார். பொன்னாத்தா அவர் உதட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் முடிவு வரைக்கும் பார்த்தாள், பிறகு கையில் இருந்த புளியங்கொட்டையைத் தூர எறிந்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளைக் காட்டினாள். அவர் அவளிடம் போய்க் குனிந்து சொன்னார். அவள் அடுத்தவளைக் காட்டினாள். ஐந்தாவது ஆளிடம் சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மியது, ஏழாவது ஆளிடம் குரல் அறவே போய் உதடு மட்டும் அசைந்தது, அவள் அதைக் கேட்டுத் தலையாட்டினாள். அவர் நிமிர்ந்து, போதுமா என்பதுபோலக் கோகிலவாணியைப் பார்த்தார்.

அவள் கையைக் கட்டிக்கொண்டு வெயிலில் நின்றாள்.

"இன்னும் நாலு பேர் இருக்காங்க," என்றாள். "சொல்லுங்க."